பிறந்த வீடு, புகுந்த வீடு: இதில் என் வீடு எது?

கடிதம் எழுதியிருப்பவருக்கு வயது 34. மேற்கு மாவட்டம் ஒன்றில் தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். மாமியார் பெயரில் உள்ள வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கிறார்கள். கல்யாணமான மூன்றாவது மாதம், மாமியார் கூப்பிட்டதும் எழுந்து வரவில்லை என்று முதல் அறை விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து மாதத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது அடி. போன வருடம் இடது காதின் சவ்வு கிழிந்தது. மருத்துவமனையில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு கணவரிடம் இருக்கிறது. போட்டு வந்த 35 பவுனில் தாலிச் சங்கிலி தவிர எல்லாம் அடகில்.

அப்பா இறந்து இரண்டு வருடம். அம்மா "அனுசரிச்சுப் போ" என்கிறார். அண்ணன், "வேணும்னா வந்துடு, ஆனா அதுக்கு முன்னாடி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு" என்கிறார். அப்பா சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம் அது. சென்ற மாதம் ஆறு வயது மகன் தன் அக்காவின் கன்னத்தில் அறைந்துவிட்டு, "சொன்னா கேக்க மாட்டியா?" என்று கேட்டிருக்கிறான். அப்பா சொல்லும் அதே வார்த்தை. அன்று இரவு எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் கேட்பவை: வீடு மாமியார் பெயரில் இருப்பதால் என்னை வெளியே அனுப்பிவிட முடியுமா? போலீஸுக்குப் போகாமல் வழி உண்டா? பிள்ளைகளை அவரிடம் கொடுத்துவிடுவார்களா? எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கும் உண்டு, அப்படியானால் தப்பு என் மேலும்தானே? "பெண்ணியம் பேசுறவங்களோட சேர்ந்து குடும்பத்தைக் கெடுக்கிறே" என்கிறாரே கணவர், அது உண்மையா?

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் காது. சவ்வு கிழிந்து ஒரு வருடமாகியும் அந்தப் பக்கம் இரைச்சல் கேட்கிறது என்று கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மறுபடி காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். இந்த முறை காயம் எப்படி வந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வழக்குக்கு அது உதவும், ஆனால் நான் முதலில் கேட்பது காது கேட்பதற்காகத்தான்.

அடுத்து "எதிர்த்துப் பேசுவேன், அதனால் என் மேலும் தப்பு" என்ற வரி. இருபது வருடங்களுக்கு மேலாக வக்கீலாகக் குடும்ப வன்முறை வழக்குகளை நடத்துகிறேன். என் முன்னால் உட்கார்ந்து பேசத் தொடங்கும் பெண்களில் பாதிப் பேர் முதலில் தங்கள் குற்றப் பத்திரிகையைத்தான் வாசிக்கிறார்கள். குழம்பில் உப்பு அதிகமாகிவிட்டது, சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன், வாய் கொஞ்சம் நீளம். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 2019-21-இல், இதையே நேரடியாகக் கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போனால் அடிக்கலாமா? எதிர்த்துப் பேசினால்? சரியாகச் சமைக்காவிட்டால்? இப்படி ஏழு காரணங்கள். நாடு முழுவதும் பெண்களில் 45 சதவீதம் பேர் ஏதாவது ஒரு காரணத்துக்காவது கணவன் அடிப்பது நியாயம் என்றார்கள். ஆண்களில் அது 44 சதவீதம். பெண்கள் அதிகம் ஒப்புக்கொண்ட காரணம் மாமனார் மாமியாரை மதிக்காதது. உங்களுக்கு விழுந்த முதல் அறையும் அந்தக் கணக்கில்தான் விழுந்தது.

உங்கள் கணவர் கோபக்காரர் என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இந்தக் காரணத்துக்கு அடிக்கலாம் என்று அவருக்கும், வாங்கிக்கொள்ளலாம் என்று உங்களுக்கும் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அடிக்கிற கைதான் அணைக்கும், கல்லானாலும் கணவன், பொறுத்தார் பூமி ஆள்வார், இப்படி எத்தனை. "அடியாத மாடு படியாது" என்று மாட்டுக்குச் சொன்னதைப் பெண்ணுக்கும் சொன்ன ஊர் இது. அதே ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். உங்கள் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களைப் போல ஒருவர் இருக்கிறார், நீங்கள் மட்டும் தவறிப்போனவர் இல்லை.

உங்கள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். "உங்கப்பா அடிக்காத அடியா?" என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தனக்குத் தெரிந்த ஒரே பிழைக்கும் வழியை மகளுக்குக் கொடுக்கிறார். போக வேறு இடம் இல்லாதவருக்கு அனுசரித்துப் போவது ஒன்றுதான் வழியாக இருந்தது. என் பார்வையில் வன்முறைக்கு ஆணிவேர் அந்த "போக இடம் இல்லை" என்பதில்தான் இருக்கிறது.

கல்யாணமானதும் அம்மா வீட்டு ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கல் சான்று வாங்கி, இந்த வீட்டு கார்டில் சேர்த்திருப்பீர்கள். பிறந்த வீட்டில் "இன்னொரு வீட்டுக்குப் போகிற பொண்ணு". புகுந்த வீட்டில் "இன்னொரு வீட்டிலிருந்து வந்தவ". இரண்டு வீட்டுக்கும் பெயர் இருக்கிறது, இரண்டிலும் உங்களுக்குச் சாவி இல்லை. கையை ஓங்குகிறவருக்கு, இவள் எங்கே போய்விடுவாள் என்பது நன்றாகத் தெரியும். ஆய்வாளர்கள் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். தன் பெயரில் வீடோ நிலமோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். வீடும் நிலமும் இரண்டும் தன் பெயரில் இருந்த பெண்களில் 7 சதவீதம். படிப்பு, வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. வீடு தன் பெயரில் இருந்தால் அவள் வெளியே போக முடியும், போக முடியும் என்பது அவனுக்கும் தெரியும்.

அதனால் உங்கள் கேள்விகளில் வீட்டுக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

மாமியார் வீட்டில் உங்கள் உரிமை

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உரிமை இல்லை என்று நீங்கள் நினைப்பது சரியில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17-ஆம் பிரிவு, நீங்கள் கணவரோடு வாழும் வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமையைத் தருகிறது. பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வியே அங்கு வராது. கணவருக்குப் பங்கு இல்லாத மாமனார் மாமியார் வீட்டுக்கு இது பொருந்தாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. குடும்பமாக நிலைத்து வாழ்ந்த வீடு என்றால் அது உறவினர் பெயரில் இருந்தாலும் உங்களுக்கு அங்கே இருக்க உரிமை உண்டு.

ஆனால் இது இருக்கும் உரிமை மட்டும்தான், வீடு உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி உங்களை வெளியேற்றக் கேட்டு மாமியார் மனுக் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும் உங்கள் உரிமையை அப்படியே தள்ளிவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இருப்பது ஆபத்து என்றால், வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை தரவோ கணவருக்கு உத்தரவிடும்படி கேட்கலாம். பல பெண்களுக்கு இதுதான் தோதாக இருக்கும்.

அண்ணன் கேட்கும் கையெழுத்து

"35 பவுன் போட்டுச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, இனி எனக்கு அங்கே என்ன பாத்தியம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சீர் கொடுத்தால் பங்கு தீர்ந்துவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சம பங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒன்று. பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் மகனுக்கு உள்ள உரிமை மகளுக்கும் உண்டு. தமிழ்நாட்டில் இது 1989-லேயே வந்துவிட்டது, நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. உயில் இருக்கிறதா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

விடுதலைப் பத்திரம் பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது பெரும்பாடு. "ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அடிபட்டு வரும் தங்கைக்குக் கதவைத் திறக்க ஒரு பத்திரத்தைக் கேட்கும் அண்ணன் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்கிறார். ஆனால் உங்கள் கணவர் கை ஓங்குவதற்கும் அண்ணன் பத்திரம் நீட்டுவதற்கும் துணிச்சல் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. கையெழுத்துப் போடாதீர்கள். சண்டையும் போட வேண்டாம். "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன்" என்றால் போதும்.

போலீஸுக்குப் போகாமல்

வழி உண்டு. எங்கள் கோர்ட்டில் "டி.வி. கேஸ்" என்பார்கள், டொமஸ்டிக் வயலன்ஸ், அதாவது குடும்ப வன்முறை வழக்கு. அந்த 2005 சட்டத்தின் 12-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. கணவரை ஜெயிலில் போட அந்த மனுவில் கேட்பதில்லை. இனி அடிக்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் இருக்கும் உத்தரவு, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு, பணம், நஷ்ட ஈடு இவற்றைக் கேட்கிறோம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றம். ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. மில் வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். இந்த மனுவால் அவருடைய வேலைக்குச் சிக்கல் வராது.

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் போனால் நடந்ததைப் பதிவு செய்து, மனுவையும் தயார் செய்து தருவார். பெண் என்பதாலேயே, சம்பளம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார். அவர்கள் எண் 15100. பழைய சம்பவங்கள் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம், இந்த மனுவுக்குக் காலக்கெடு இல்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட அதிகம் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

கிரிமினல் புகார் தனி. கணவரும் அவர் உறவினரும் செய்யும் கொடுமைக்காக 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்த 498-ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவாகியிருக்கிறது. மூன்றாண்டு வரை தண்டனை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்தால் முதலில் இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். "இனி அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவதும் உண்டு. அந்தக் காகிதத்துக்குப் பலம் கிடையாது. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் வராதீர்கள். இன்னொன்று, நடந்ததை மட்டும் எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் நாத்தனாரையும் சேர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு பெயரை வைத்தே உங்கள் உண்மையையும் சேர்த்து உடைப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில், ஐந்து வயது தாண்டிவிட்டால் தானாக அப்பாவிடம் போய்விடும் என்பது ஊர்ப் பேச்சு. நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலன். இத்தனை வருடம் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் கூட இருந்தது, ஹோம்வொர்க் பார்த்தது நீங்கள். வீட்டில் பிள்ளைகள் கண்முன் அடி விழுவதும் அந்தக் கணக்கில் சேரும். வெளியேறுவதாக இருந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிறகு மீட்பது கடினம். நீங்கள் போனால் அவர் "சேர்ந்து வாழ வேண்டும்" என்று மனுப் போடலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடிக்குப் பயந்து விலகி இருப்பது நியாயமான காரணம்தான்.

இப்போதே செய்ய வேண்டியவை

பள்ளி அலுவலகத்தில் பேசி, வேறு வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அதற்கு மாற்றுங்கள். உங்கள் சம்பளத்தைப் பிடுங்கி வைப்பதும் சட்டப்படி வன்முறைதான், பொருளாதார வன்முறை என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாற்றும் நாளைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், பணம் வராததை அவர் கவனிக்கும் நாள் ஆபத்தான நாள்.

நகை உங்கள் சொத்து. கல்யாண ஆல்பம், நகைக்கடை பில், அடகு ரசீது எது கிடைத்தாலும் போனில் படம் எடுத்து, சக ஆசிரியை ஒருவரிடம் அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். போன வருட மருத்துவமனைச் சீட்டில் வழுக்கி விழுந்ததாக இருந்தாலும் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு கிழிந்த தேதியை அது சொல்லும். அரசு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அடித்தது யார் என்று சொல்லி ஆக்சிடன்ட் ரிஜிஸ்டரில் பதியச் சொல்லுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அவர் எப்போதாவது உங்கள் கழுத்தில் கை வைத்திருக்கிறாரா? அப்படியென்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். கழுத்தை நெரித்தவர் பிறகு கொன்றுவிடும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 181 மகளிர் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. தங்க இடம் இல்லாவிட்டால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் இருக்கலாம், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள்.

குடும்பத்தைக் கெடுப்பது யார்

பெண்ணியம் வெளியிலிருந்து வந்து குடும்பத்தைக் கெடுக்கிறது என்கிறார் உங்கள் கணவர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும், விரும்பினால் மணவிலக்குப் பெறும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அறுபது வருடம் கழித்துத்தான் இங்கே அந்தச் சொத்துரிமைச் சட்டம் வந்தது. உங்கள் அண்ணன் எழுதி வாங்கப் பார்ப்பது அந்தத் தீர்மானத்தைத்தான். 498-ஏ யாரோ தூக்கிக் கொடுத்தது இல்லை, வரதட்சிணைக்காகப் பெண்கள் எரிக்கப்பட்டதை எதிர்த்துப் பெண்கள் தெருவில் நின்று வாங்கியது.

நீங்கள் தமிழ் ஆசிரியை. "தெய்வம் தொழாஅள்" குறளை வகுப்பில் நடத்திவிட்டு, தொண்டை அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்பதும் இருக்கும். கண்ணகி கணவனுக்காகத்தான் போனாள், சரி. ஆனால் ஒரு வக்கீலாக எனக்குப் பிடித்தது அவள் அரசவைக்கு வெறுங்கையோடு போகவில்லை என்பது. கையில் ஒற்றைச் சிலம்பு இருந்தது. பொறுத்துப் போனதை மட்டும் அவளிடமிருந்து எடுத்துப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, வழக்காடியதை விட்டுவிட்டோம்.

மகன் விஷயம். ஆறு வயதுப் பிள்ளையைக் குற்றவாளிபோலப் பார்க்காதீர்கள். அவன் பார்த்ததைச் செய்தான். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பா என்னை அடிப்பது தப்பு. நீ அக்காவை அடித்ததும் தப்பு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்தைச் சொல்லாமல் இரண்டாவதை மட்டும் சொன்னால் அவனுக்குப் புரியாது. மகளிடமும் தனியாகப் பேசுங்கள். அறை வாங்கியதும் அவள் அழாமல், "நான்தான் அவன் பென்சிலை எடுத்தேன்" என்று சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடம் அதுதான். பென்சிலை எடுத்ததற்கு அடிக்கக் கூடாது என்று அவளுக்கு இப்போதே யாராவது சொல்ல வேண்டும். அந்த யாராவது நீங்களாக இருங்கள்.

கணவர் மாற வாய்ப்பு இருக்கிறதா, சேர்ந்தே வாழ முடியுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். சிலர் மாறியதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கையில் ஒரு கோர்ட் உத்தரவு வந்தபிறகு மாறியவர்கள். பாதுகாப்பு உத்தரவு வாங்கிக்கொண்டு அதே வீட்டில் இருந்து பார்ப்பதும் ஒரு வழிதான், விவாகரத்தை இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் மாறுவாரா என்று காத்திருக்கும் நாட்களில் சம்பளமும் நகை ரசீதும் பங்கும் உங்கள் பக்கம் இருக்கட்டும்.

பதில் எழுதுவதாக இருந்தால் பள்ளியிலிருந்து, உங்கள் தோழியின் போனில் அனுப்புங்கள். அண்ணன் தயார் செய்திருக்கும் பத்திரத்தின் நகல் கிடைத்தால் அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். சொத்து விவரம் அதில் முழுசாக இருக்கும், உங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். காது மருத்துவரிடம் இந்த வாரமே போய் வாருங்கள்.